ஒன்பது, ஏழு

இரவு ஒரு மணிக்கு எழுத்தை நிறுத்தினோம்.
இனி இந்த இயந்திரத்தில் யாரும்
ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்கக் கூடாது.
சுரங்கம் இடிந்து பதினெட்டு மணி நேரம்,
இன்றைக்கா வீடு மாற்றுவது என்றாள் கெரெல்மா.
மாலையிலிருந்து மூன்று முறை விழுந்துவிட்டது என்றேன்.
நாடே ஒரே பக்கத்தைத் திறந்தால்
எந்த இரும்பு தாங்கும்?

பயணம் போகிறவர்களுக்குப் பால் தெளிப்பது
உலான்பாதரில் வழக்கம்.
மரக்கரண்டியோடு வந்துவிட்டாள்.
சர்வர் மேல் வேண்டாம் என்று கத்தினேன்.
ஜன்னலைத் திறந்து இருட்டில் வீசினாள்.
மைனஸ் முப்பத்தொன்று.
விளிம்பில் விழுந்த ஒரு துளி
வெள்ளைப் பொத்தானாகி நின்றது.

பதினோரு வருடம் கம்பி வழியே போயிற்று:
மூன்று தேர்தல், ஒரு வெள்ளம்,
தினமும் பொய்த்த வானிலை,
யாரோ தொலைத்த சாம்பல் நிறக் குதிரைக்கான விளம்பரம்.
எங்கே போகிறது?
சியோல் என்கிறது ஒப்பந்தம்.
மேகம் என்கிறார்கள் விற்றவர்கள்.
மேகத்துக்கும் மின்கட்டணம் உண்டு,
அதை இனி மாதாமாதம் நாங்கள் கட்டுவோம்.

சாட் பெட்டியில் ஹ்யோன்சு என்றொருவன்:
"இனி நீங்கள் எதையும் தொட வேண்டாம்.
நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."
ஆறு வருடம் தலைமாட்டில் போனை வைத்துத் தூங்கியவனுக்கு
இதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது.
அடிவயிறு ஏன் கலங்கியதென்று தெரியவில்லை.

ஒன்று நாற்பதுக்கு முகவரியைத் திருப்பினேன்.
சொடுக்கும் முன்பே பக்கம் திறந்தது.
கைதட்டினோம்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குச் சுரங்கத்திலிருந்து போன்.
இரண்டு பேர் உயிரோடு.
காற்றுக் குழாயில் வாயை வைத்துக் கிடந்தார்களாம்.
பாயார்ஜர்கால், நாற்பத்தொன்று.
சம்பூ, பத்தொன்பது.
கெரெல்மா ஒன்பதை ஏழாக்கினாள்,
புது வீட்டில்.

அப்போதுதான் உறைத்தது.
பழைய முகவரியை உலகம் எத்தனை நேரம்
நினைவில் வைத்திருக்கலாம் என்று ஓர் எண் உண்டு.
இரண்டு நாள் முன்பே அதை
முந்நூறு வினாடியாகக் குறைத்திருக்க வேண்டும்.
என் பட்டியலில் பதினான்காவது வரி.
டிக் அடித்திருந்தேன்.
செய்யவில்லை.

பாதி நாடு இன்னும் பழைய கதவைத்தான் தட்டுகிறது.
அந்தக் கதவுக்குப் பின்னால்
இரண்டு பேர் இன்னும் செத்துக் கிடக்கிறார்கள்.

லாக்கைத் திறந்தேன்.
சுரங்க ஊரிலிருந்து ஒரு கைபேசி,
அதே செய்தி, அதே பக்கம்:
2.03.10
2.03.31
2.03.50
யார் விரல் என்று லாக் சொல்லாது.
தாயா, தம்பியா, சம்பளம் பாக்கி வைத்த மேஸ்திரியா.
விரல் ஓயவில்லை, அவ்வளவுதான்.

பழையதில் எழுதாதீர்கள் என்றான் ஹ்யோன்சு,
இரண்டு பிரதிகளும் முரண்படும்.
ஏற்கெனவே முரண்பட்டுத்தானே இருக்கின்றன என்று எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.

பூட்டை எடுத்தேன்.
ஒன்பதை ஏழாக்கினேன்.
இரண்டு பெயரைக் கீழிருந்து வெட்டி
மேலே ஒட்டினேன்.
கை நடுங்கியதில் சம்பூ, சபூ ஆகியிருந்தான்.
பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும்.

2.09.40
அந்தக் கைபேசி வந்தது,
பக்கத்தை வாங்கிக்கொண்டது.
பிறகு வரவில்லை.

இருபது வினாடி. நாற்பது. ஐந்து நிமிடம்.
படித்துவிட்டு ஓடினார்களா,
சார்ஜ் தீர்ந்ததா,
அல்லது தேடிய பெயர்
மீதி ஏழில் ஒன்றா.
ஏழு பேர் இரண்டு வீட்டிலும்
செத்துத்தான் இருந்தார்கள்.

மூன்று வாரமாகிறது.
புதுத் தளம் ஒருமுறைகூட விழவில்லை.
பழைய இயந்திரத்தை ஏன் இன்னும் அணைக்கவில்லை என்று
கணக்குப் பிரிவில் கேட்கிறார்கள்.
அணைக்கிறேன், அணைக்கிறேன்.
நேற்றுகூட ஒருவர் வந்து போனார்,
குதிரை விளம்பரத்தைப் பார்க்க.